லண்டன் விசா விலைக்குக் கிடைக்குமா? நகையை அடகு வைக்கும் முன்பு இதைப் படியுங்கள்!

சென்னை,

"லண்டனில் வேலை. மாதம் 2 லட்சம் சம்பளம். 45 நாளில் விசா. முன் அனுபவம் தேவை இல்லை."

பஸ் நிறுத்தம், டீக்கடைச் சுவர், மின்சார ரெயில் பெட்டி, கையில் இருக்கும் செல்போன் - எங்கே பார்த்தாலும் இந்த மாதிரி விளம்பரம்தான்.

அடியில் ஒரு செல்போன் நம்பர் இருக்கும். பளபளப்பான கம்பெனி பெயர் இருக்கும். விமானம் பறக்கிற படமும் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் இருக்காது. அது மத்திய அரசு கொடுத்த லைசென்சு நம்பர்.

அது இல்லாத ஆசாமிகளிடம் பணத்தைக் கட்டிவிட்டு, கடைசியில் கையில் மனுவோடு வேப்பேரி போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பலர். மத்திய குற்றப்பிரிவில் வேலைவாய்ப்பு மோசடியை விசாரிப்பதற்கு என்றே தனிப்பிரிவு வைக்க வேண்டி இருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்து கொள்ளலாம்.

வெளிநாட்டு வேலை விசாவை யார் கேட்பது? யார் கொடுப்பது? ஏஜெண்டுக்கு எவ்வளவு கட்டலாம்? விவரம் வருமாறு:-

விற்பனைக்கு அல்ல

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை விசா என்பது கடையில் தொங்கும் சரக்கு அல்ல.

வெளிநாட்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் தேவைப்படுகிறது. அந்த நாட்டிலேயே ஆள் கிடைக்கவில்லை. உடனே அந்தக் கம்பெனி தன் நாட்டு அரசாங்கத்திடம், "இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்தில், வெளிநாட்டில் இருந்து இவரைக் கொண்டுவர அனுமதி வேண்டும்" என்று கேட்கிறது. அரசாங்கம் சரி என்றால் அதை வைத்து வேலைக்காரர் விசாவுக்கு மனு போடுகிறார்.

ஆக, கேட்பது முதலாளி. கொடுப்பது அந்த நாட்டு அரசாங்கம். நடுவில் நிற்கும் ஏஜெண்டு முதலாளியையும் ஆளையும் சேர்த்து வைப்பவர். அவ்வளவுதான். விசா அவர் பாக்கெட்டில் இல்லை.

சினிமா டிக்கெட்டை பிளாக்கில் வாங்கினாலும் உள்ளே போய்ப் படம் பார்க்கலாம். விசாவை அப்படி வாங்கினால், படம் காட்டுவது ஏஜெண்டுதான்!

ஐந்து கட்ட வித்தை

ஏமாற்றுப் பேர்வழிகளின் வேலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

முதல் கட்டம், ஆபீசு. வாடகைக்கு ஒரு ஏ.சி. அறை. சுவரில் உலகப்படம். மேஜை மேல் 5, 6 நாட்டுக் கொடிகள். வாசலில் "கன்சல்டன்சி" என்று போர்டு. ஜி.எஸ்.டி. சர்டிபிகேட்டு, சிறுதொழில் பதிவுச் சர்டிபிகேட்டு எல்லாம் கண்ணாடி போட்டு மாட்டி இருக்கும். இவை எல்லாம் கடை நடத்துவதற்கான காகிதங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப இவை செல்லாது.

இரண்டாம் கட்டம், இன்டர்வியூ. செல்போனில் ஒருவர் இங்கிலீஷில் பேசுவார். பெயர், ஊர், படிப்பு கேட்பார். 5 நிமிடத்தில் "செலக்ட்" என்பார்.

மூன்றாம் கட்டம், பதிவுக் கட்டணம். "சும்மா 15 ஆயிரம்தான் தம்பி. கிடைக்கலைன்னா திருப்பித் தந்துடுவோம்" என்பார்கள். சின்னத் தொகை என்று வாலிபர் கட்டிவிடுவார். தூண்டில் மாட்டியாகிவிட்டது.

நான்காம் கட்டம், "ஆர்டர்". பெரிய கம்பெனியின் முத்திரையோடு கலர் காகிதம் வரும். வீடே கொண்டாடும். அதோடு, "ஸ்பான்சர் பணம்", "எம்பசி பணம்", "மெடிக்கல் பணம்" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். ஏற்கனவே கட்டிய பணம் போய்விடுமே என்ற பயத்தில் மேலும் மேலும் கட்டுவார்கள். பாஸ்போர்ட்டும் ஏஜெண்டு கைக்குப் போய்விடும்.

ஐந்தாம் கட்டம் இழுத்தடிப்பு. "சர்வர் டவுன் அம்மா", "அங்கே லீவு அம்மா", "அடுத்த செவ்வாய்க்கிழமை கன்பார்ம்" என்று மாதக்கணக்கில் ஓடும். ஒரு நாள் போன் அடித்தால் "ஸ்விட்ச் ஆப்". ஆபீசுக்கு ஓடினால் பூட்டு. ஆசாமி கம்பி நீட்டி இருப்பார். பக்கத்துக் கடைக்காரர், "அவங்க காலி பண்ணிட்டுப் போய் 10 நாள் ஆச்சே" என்பார்.

வட்டி மட்டும் நிற்காது

போனது பணம் மட்டும் அல்ல. அந்தப் பணம் எங்கே இருந்து வந்தது என்று பார்த்தால்தான் கொடுமை புரியும்.

அக்காள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகை, அப்பாவின் பி.எப். பணம், ஊரில் இருந்த அரை ஏக்கர் நிலம், இது போதாமல் கைமாற்று.

ஒரு கணக்கைப் பாருங்கள். 3 வட்டிக்கு ரூ.5 லட்சம் கடன் வாங்கினால், மாதம் வட்டி மட்டும் ரூ.15 ஆயிரம். ஒரு வருடம் இழுத்தடித்தால் வட்டியே ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். அசல் அப்படியே நிற்கும். விசா வரவில்லை என்று கடன்காரரிடம் சொன்னால் அவர் வட்டியைக் குறைப்பாரா?

அவமானத்துக்குப் பயந்து போலீசுக்குப் போகாதவர்களும் உண்டு. "வெளிநாடு போறான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, "ஏமாந்துட்டேன்" என்று எப்படிச் சொல்வது என்ற கூச்சம். அந்தக் கூச்சம்தான் மோசடிக்காரர்களுக்கு முதலீடு.

லண்டன் விசா: உண்மை என்ன?

இங்கிலாந்தில் இதற்குப் பெயர் "ஸ்கில்டு ஒர்க்கர் விசா". அதாவது, தொழில் திறமை உள்ளவர்களுக்கான விசா. பழைய முறையை மாற்றி, 2020-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி இது நடைமுறைக்கு வந்தது.

இந்த விசாவுக்கு உயிர்நாடி ஸ்பான்சர் சான்று. வேலை கொடுக்கும் கம்பெனி இங்கிலாந்து உள்துறையிடம் ஸ்பான்சர் லைசென்சு வாங்கி இருக்க வேண்டும். அந்தக் கம்பெனிதான் கம்ப்யூட்டர் மூலம் சான்றைக் கொடுக்க முடியும். அது ஒரு பதிவு. அதற்கு ஒரு நம்பர். ஏஜெண்டு காட்டும் கலர் காகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது.

லைசென்சு வாங்கிய கம்பெனிகளின் பட்டியலை இங்கிலாந்து அரசாங்கமே தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காசு கிடையாது. ஆர்டரில் உள்ள கம்பெனி பெயர் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், அந்த ஆர்டர் வடை மடிக்கத்தான் ஆகும்.

பெயர் இருந்தாலும் உடனே பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது. நிஜக் கம்பெனியின் பெயரில் போலி ஆர்டர் அடிப்பதும் நடக்கிறது. அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேட்க வேண்டும். ஏஜெண்டு கொடுக்கும் இ-மெயிலுக்கு எழுதினால் பதில் போடுவதும் ஏஜெண்டாகத்தான் இருக்கும்!

ஸ்பான்சர் சான்றுக்கான அரசுக் கட்டணம் 2025 ஏப்ரலில் 239 பவுண்டில் இருந்து 525 பவுண்டாக உயர்ந்தது. அதைக் கட்ட வேண்டியது முதலாளி. ஊழியர் தலையில் கட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. விசா மனுக் கட்டணம், காசநோய் பரிசோதனை, ஆங்கிலத் தேர்வு, ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் ஆரோக்கிய வரி ஆகியவைதான் பொதுவாக விசா கேட்பவர் பக்கத்துச் செலவு. டாக்டர், நர்சு போன்ற மருத்துவ விசாவில் போகிறவர்களுக்கு அந்த ஆரோக்கிய வரியும் கிடையாது.

"ஸ்பான்சர் சான்றுக்கு 10 லட்சம்" என்று யாராவது கேட்டால், அது எந்தச் சட்டத்திலும் இல்லாத பணம்.

சாத்திய கதவு

முதியோரைப் பார்த்துக்கொள்ளும் "கேர்" வேலைதான் ஏஜெண்டுகளின் பெரிய தூண்டில்.

இங்கிலாந்தில் அந்த வேலைக்கு ஆள் பஞ்சம் ஏற்பட்டதால், 2022 பிப்ரவரியில் வெளிநாட்டவருக்குக் கதவைத் திறந்தார்கள். ஆயிரக்கணக்கில் இந்தியர்கள் போனார்கள். 2024 மார்ச் 11-ந் தேதி முதல் மனைவி, பிள்ளைகளை அழைத்துப்போகத் தடை வந்தது. 2025 ஜூலை 22-ந் தேதி கதவையே சாத்திவிட்டார்கள். அன்று முதல் வெளிநாட்டில் இருந்து கேர் வேலைக்குப் புதிதாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டது.

அதே நாளில் இன்னொரு மாற்றமும் வந்தது. பொதுவாகப் பட்டப்படிப்பு தரத்தில் உள்ள வேலைகளுக்குத்தான் இந்த விசா என்று ஆக்கினார்கள். சில வேலைகளுக்கு மட்டும் தற்காலிக விலக்கு. அந்தப் பட்டியலில் ஓட்டல் சமையல் வேலை இல்லை. சம்பள வரம்பும் ஆண்டுக்கு 38,700 பவுண்டில் இருந்து 41,700 பவுண்டாக உயர்ந்தது. நம்ம ஊர் கணக்கில் ரூ.45 லட்சத்துக்கு மேல்.

நர்சு, டாக்டர், என்ஜினீயர் போன்றவர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது. நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் சம்பள விதி வேறு. ஆனால், பிளஸ்-2 படித்த வாலிபரிடம், "கேர்டேக்கர் விசா ரெடி" என்றும், பரோட்டா மாஸ்டரிடம், "லண்டன் ஓட்டலில் உடனே வேலை" என்றும் சொல்கிறவர் பொய் சொல்கிறார். வேறு பேச்சே இல்லை.

போன பிறகும் ஆபத்து: 60 நாள் கெடு

நிஜ விசாவில் போனவர்களுக்கும் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது.

காசுக்காகவே ஸ்பான்சர் சான்று கொடுத்த கேர் கம்பெனிகள் அங்கே முளைத்தன. ஆளை வரவழைத்தார்கள். வேலை கொடுக்கவில்லை. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை கேர் துறையில் 470-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் லைசென்சை இங்கிலாந்து அரசாங்கம் பறித்தது. அந்தக் கம்பெனிகளோடு சம்பந்தப்பட்ட தொழிலாளர்கள் 39 ஆயிரத்துக்கும் மேல்.

கம்பெனியின் லைசென்சு போனால் அதன் ஊழியருக்கு நோட்டீசு வரும். பொதுவாக 60 நாள் கெடு. அதற்குள் லைசென்சு உள்ள வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். குற்றம் செய்தது முதலாளி. தண்டனை கடன் வாங்கிப் போனவருக்கு!

அதனால் கம்பெனி பெயர் பட்டியலில் இருப்பதோடு, உண்மையில் வேலை இருக்கிறதா, எத்தனை ஆண்டாக அந்தக் கம்பெனி நடக்கிறது என்று விசாரிப்பது அவசியம்.

அமெரிக்கா, ஜெர்மனி

ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்க துணைத் தூதரகத்துக்கு வரும் கம்ப்யூட்டர் என்ஜினீயர்களில் பலர் கேட்பது "எச்-1பி" விசா. ஆண்டுக்கு 65 ஆயிரம், அங்கே மேல்படிப்பு படித்தவர்களுக்குத் தனியாக 20 ஆயிரம் என்று அதற்கு அளவு வைத்திருக்கிறார்கள். மனு போட வேண்டியது அமெரிக்க கம்பெனி. கூட்டம் அதிகமானால் குலுக்கல்.

வெளிநாட்டில் உள்ளவர்களுக்காகப் போடும் புதிய மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஜனாதிபதி டிரம்ப் உத்தரவு போட்டார். குலுக்கலில் உங்கள் பெயரை எடுக்க வைக்கிறேன் என்று எந்த ஏஜெண்டு சொன்னாலும் நம்பாதீர்கள். அவர் கை அங்கே எட்டாது.

ஜெர்மனியில் ஆள் தேவை அதிகம். இந்தியர்களுக்கான திறமைத் தொழிலாளர் விசாவை ஆண்டுக்கு 20 ஆயிரத்தில் இருந்து 90 ஆயிரம் வரை உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அந்த நாடு அறிவித்தது. 2024 ஜூன் 1-ந் தேதி "வாய்ப்பு அட்டை" என்ற திட்டமும் வந்தது. படிப்பு, அனுபவம், வயது, மொழி அறிவு இவற்றுக்கு மார்க்கு. தேறினால் அங்கே போய் ஓராண்டு வேலை தேடலாம். ஓராண்டு சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும்.

இதற்கு நாமே மனு போடலாம். ஏஜெண்டு வேண்டியதில்லை. ஆனால் வாய்ப்பு அட்டை என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. தேடுவதற்கு அனுமதி, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல், "ஜெர்மனியில் வேலை கன்பார்ம்" என்று அடித்து விடுகிறவர்களிடம் உஷார்!

நர்சு வேலைக்குப் போவதானால் ஜெர்மன் மொழியைப் படித்தே ஆக வேண்டும். "மொழி எல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்றால் ஏமாற்று.

அரபு நாட்டு "ஆசாத் விசா"

கொத்தனார், வெல்டர், எலக்ட்ரீஷியன், டிரைவர் என்று கைத்தொழில் தெரிந்தவர்கள் பெரும்பாலும் போவது அரபு நாடுகளுக்கு.

அங்கே ஒரு பழைய வியாபாரம் உண்டு. அதன் பெயர் "ஆசாத் விசா" அல்லது "பிரீ விசா". ஒருவர் பெயரில் விசா எடுத்து, வேலை கொடுக்காமல் பணத்துக்கு விற்றுவிடுவார். "எங்கே வேணும்னாலும் வேலை பார்த்துக்கோ" என்பார். பெயரைக் கேட்டால் இனிப்பாக இருக்கும். ஆனால் விசா எடுத்தவரிடம் வேலை செய்யாமல் வேறு இடத்தில் வேலை செய்தால் அங்கே சட்ட விரோதம். பிடிபட்டால் ஜெயில், அபராதம், நாடு கடத்தல். சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்க முடியாமல் விழி பிதுங்க வேண்டியதுதான்.

சவுதி அரேபிய தொழிலாளர் சட்டப்படி, ஆளை வரவழைக்கும் செலவு முதலாளியுடையது. அதைத்தான் இங்கே லட்சக்கணக்கில் கறக்கிறார்கள்.

10-ம் வகுப்பு தேறாதவர்கள் வேலைக்காகச் சவுதி அரேபியா, குவைத், கத்தார், ஓமன், பக்ரைன், ஐக்கிய அரபு நாடுகள், மலேசியா உள்பட 18 நாடுகளுக்குப் போவதானால் மத்திய அரசின் குடியேற்ற அனுமதி கட்டாயம். அனுமதி கொடுக்கும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது.

இது தொல்லை அல்ல, பாதுகாப்பு. வேலை ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அனுமதி. கூடவே ரூ.10 லட்சம் விபத்துக் காப்பீடு. இரண்டு ஆண்டுக்கு அதற்கான பிரீமியம் ரூ.275. மூன்று ஆண்டுக்கு ரூ.375. "அனுமதி இல்லாமலே அனுப்பறேன்" என்கிற ஏஜெண்டு, இந்த 275 ரூபாய் பாதுகாப்பையும் சேர்த்துப் பறிக்கிறார்.

"டூரிஸ்ட்டா போய் மாத்திக்கலாம்"

இருப்பதிலேயே பயங்கரமான வார்த்தை இதுதான்.

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி, சுற்றுலா விசாவில் படித்த வாலிபர்களை அனுப்பினார்கள். அங்கே இறங்கியதும் எல்லை தாண்டி மியான்மரில் மியாவடி என்ற இடத்துக்குக் கடத்தப்பட்டார்கள். செல்போன் மூலம் மற்ற நாட்டவரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் கூட்டத்தில் அடிமை வேலை. மறுத்தால் அடி, உதை.

2022 அக்டோபரில் அங்கே இருந்து மீட்கப்பட்டு சென்னைக்கு வந்த 13 பேரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இந்த வலையை அதே ஆண்டிலேயே வெளியுறவுத்துறை அறிவிப்பு போட்டு எச்சரித்தது.

ரஷியாவில் "உதவியாளர்" வேலை என்று ஆசை காட்டி அழைத்துப்போய்ப் போர்முனையில் நிறுத்திய கொடுமையும் நடந்தது. 2024 மார்ச்சில் சி.பி.ஐ. அதிகாரிகள் சென்னை, மதுரை உள்பட பல ஊர்களில் 13 இடங்களில் சோதனை போட்டார்கள். போனவர்களில் உயிரை விட்டவர்களும் உண்டு.

வேலைக்குப் போகிறவர் கையில் வேலை விசா இருக்க வேண்டும். சுற்றுலா விசாவைக் கொடுத்து, "ஏர்போர்ட்டில் கேட்டா சுத்திப் பார்க்கப் போறேன்னு சொல்லு தம்பி" என்று சொல்லிக் கொடுத்தாலே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

லைசென்சு எதற்கு?

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுகளைக் கட்டுப்படுத்துவது 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டம். அரபு நாட்டு எண்ணெய்ப் பணத்தைத் தேடி 1970-களில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் போகத் தொடங்கினார்கள். ஏஜெண்டுகள் புகுந்து விளையாடினார்கள். 1922-ம் ஆண்டின் பழைய சட்டம் அதற்குப் போதவில்லை. அதனால் வந்ததுதான் இந்தச் சட்டம்.

இதன்படி மத்திய அரசிடம் பதிவு செய்யாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. மீறினால் 2 ஆண்டு வரை ஜெயில்.

லைசென்சு வாங்கும் ஏஜெண்டு ரூ.50 லட்சத்துக்கு பாங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். 100 பேர் வரை மட்டும் அனுப்பும் சிறிய ஏஜெண்டுக்கு ரூ.8 லட்சம். அவர் தப்பு செய்தால் அரசாங்கத்தின் கையில் ஒரு பிடி இருக்கிறது. லைசென்சு இல்லாத ஆசாமியிடம் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? செல்போன் நம்பர் மட்டும்தான்!

கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. லைசென்சு உள்ள ஏஜெண்டு ஒருவரிடம் வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் ரூ.30 ஆயிரம். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் ரூ.35 ஆயிரத்து 400. இதற்கும் ரசீது கொடுத்தாக வேண்டும். "ஏஜெண்டு கமிஷன் 3 லட்சம்" என்பது சட்டத்தில் இல்லை.

பணம் கட்டும் முன்பு

பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன்பு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை:-

* ஏஜெண்டின் லைசென்சு நம்பரைக் கேளுங்கள். அவர் ஆபீசிலும் விளம்பரத்திலும் அது தெளிவாக இருக்க வேண்டும். வெளியுறவுத்துறையின் "இ-மைக்ரேட்" இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டுப் பாருங்கள். பதிவு இல்லாமல் ஆள் பிடிப்பவர்கள் என்று புகார் வந்தவர்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.

* எந்த வேலை, எந்த ஊர், எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம், தங்கும் இடம் யாருடையது - எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய் வார்த்தை செல்லாது.

* வெளிநாட்டுக் கம்பெனியை அந்த நாட்டு அரசுப் பட்டியலில் தேடுங்கள். கம்பெனிக்கே நேராக எழுதிக் கேளுங்கள்.

* பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். கம்பெனி பெயரில் உள்ள பாங்கிக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். "என் மச்சான் கணக்கில் போடுங்க" என்றால் போடாதீர்கள்.

* பாஸ்போர்ட்டை "டெபாசிட்"டாகக் கொடுக்காதீர்கள். அது இந்திய அரசாங்கத்தின் சொத்து. பணத்துக்குப் பிணையாக அதைப் பிடித்து வைக்க எந்த ஏஜெண்டுக்கும் உரிமை இல்லை.

ஏஜெண்டையே வேண்டாம் என்கிறவர்களுக்குத் தமிழக அரசே ஒரு வழி வைத்திருக்கிறது. கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-ல் தொடங்கப்பட்டது. நர்சு, டாக்டர், தொழிலாளர்கள் என்று வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்புகிறது. 45 நாளில் விசா என்று அங்கே யாரும் அடித்துவிட மாட்டார்கள். ஆனால், ஒரு ராத்திரியில் ஆபீசைக் காலி பண்ணிவிட்டு ஓடவும் மாட்டார்கள்.

ஏமாந்துவிட்டால்?

கூச்சப்படக் கூடாது. நாள் கடத்தவும் கூடாது. நாள் போகப் போக ஆசாமியின் கணக்கில் இருக்கும் பணம் கரைந்துவிடும்.

சென்னையில் இருப்பவர்கள் கமிஷனர் அலுவலகத்தில் உள்ள மத்திய குற்றப்பிரிவிலோ, தங்கள் போலீஸ் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். செல்போன் மூலம் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க முடியும்.

விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, "ஆர்டர்" - எதையும் அழித்துவிடாதீர்கள். கோபத்தில் ஏஜெண்டின் நம்பரை அழிப்பவர்கள் உண்டு. அழிப்பது சாட்சியத்தை!

மோசடிக்கு, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் 7 ஆண்டு வரை ஜெயில் கொடுக்க இடம் இருக்கிறது. முன்பு "420" என்று ஊரே சொல்லும் குற்றம்தான் இது. குடிபெயர்வுச் சட்டத்தில் வழக்கு தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி உண்டு. ஆனால், ஏமாந்தவரோ, அவருடைய தாய், தகப்பன், மனைவி, உடன்பிறந்தோரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவை இல்லை. அதனால் ஏமாந்தவர் வீட்டார் கொடுக்கும் புகாருக்குத் தனி பலம்.

வெளிநாடு போய்ச் சம்பாதிப்பது தப்பு அல்ல. நேர்வழியில் போய், வீடு கட்டி, தங்கைக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். கையில் தொழில், சர்டிபிகேட்டு, மொழி அறிவு இந்த மூன்றும் இருந்தால் வேலை தேடி வரும்.

விசாவுக்கு விலை சொல்கிறவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். "சார், உங்க லைசென்சு நம்பர் என்ன?"

பதில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவின் தாலிச் செயின் கழுத்திலேயே இருக்கட்டும்!